ஈட்டி விமானத்தின் முழு வாசிப்பு

உலோக வாசகர் வருகிற அன்று காலையில் ஆவுடையப்பன் காட்சிக்கூடத்திலிருந்த எவர்சில்வர் குடத்தையும் இரண்டு இரும்பு நாற்காலிகளையும் தூக்கிக்கொண்டுபோய் வெளியே வேப்பமரத்தடியில் வைத்தார். விருந்தாளி வந்தால் எல்லா வீட்டிலும் செய்கிற மரியாதைதான். 'உங்கள் பேச்சை ஒட்டுக்கேட்க இங்கே ஒன்றுமில்லை' என்று வாயால் சொல்வதைவிட, பாத்திரத்தை வெளியேற்றிவிட்டு மண்குவளையில் மோர் கொடுப்பது நாகரிகம். ஆனால் கூடத்தின் நடுவே பதினோரு மீட்டர் நீளத்துக்கு ஓர் அலுமினிய விமானம் நின்றது. அதை எங்கே தூக்கி வைப்பது?

பன்னிரண்டு ஆண்டுகளாக நாடே இப்படித்தான் இருந்தது. பாலங்களில் விரிசல் தேடுவதற்காகச் செய்த உலோகச்செவி என்ற கருவி, விரிசலோடு சேர்த்து வேறொன்றையும் கண்டுபிடித்துத் தொலைத்துவிட்டது. பக்கத்தில் யார் பேசினாலும் உலோகம் லேசாக அதிர்கிறது. அந்த அதிர்வில் அதன் நுண்மணிகள் இம்மியளவு இடம் மாறுகின்றன. மாறியது மாறியபடியே கிடக்கிறது. மேலே நேற்று, அதற்கடியில் முந்தாநாள் என்று அடுக்கடுக்காக, வார்த்த நாள்வரைக்கும் இறங்கிப் படிக்கலாம். உருக்கினால் மட்டுமே உலோகம் மறக்கும்.

இது தெரிந்த பிறகு ஜனங்கள் வாயைக் கட்டிக்கொண்டார்கள். பேருந்தில் ஐம்பது பேர் ஏறினாலும் நடத்துநரின் விசில் மட்டும்தான் கேட்டது. பெண் பார்க்க வந்தவர்கள் முக்கியமான பேச்சு வந்ததும் எழுந்து பருத்திக்காட்டுக்குள் போனார்கள். அமைச்சர்கள் பனையோலைக் கொட்டகையில் கூடினார்கள். போகிக்குப் பழைய பாயைக் கொளுத்திய காலம் போய், அந்தந்த வருஷத்துப் பாத்திரங்களை எல்லாம் அரசாங்க உருக்ககத்தில் கொடுத்துப் புதிதாக வார்த்து வாங்கினார்கள். தாலியை வாசிக்கக் கூடாது என்று தனியாக ஒரு சட்டம் வந்தது. எல்லாக் கட்சியும் சேர்ந்து கை தூக்கிய தீர்மானம் அது ஒன்றுதான்.

கடைசியாக வந்தது பொது உலோக மறதிச் சட்டம். ஐம்பது ஆண்டுகளுக்கு மேற்பட்ட பொது உலோகம் எதுவானாலும், வரலாற்றுச் சான்று இல்லையென்றால் உருக்கிவிட வேண்டும். ஈட்டி என்ற அந்த அலுமினிய விமானத்துக்குச் சான்று இல்லை. வருகிற மாதம் பத்தாம் தேதி லாரி வரும் என்று ஆவுடையப்பனுக்குக் கடிதம் வந்துவிட்டது.

ஈட்டி, ஜெட் விமானங்கள் பால்குடி மறக்காத காலத்தில் செய்தது. கோவில்பட்டிக்குத் தெற்கே கரிசல்மேட்டில் ஒரு சின்ன ஓடுபாதை போட்டு, ஆராய்ச்சிக் குழு ஒன்று 1958-ல் இதைப் பறக்கவிட்டது. ஒல்லியான உடல், கூரான மூக்கு, தோசைக்கல் கனத்துக்கு மெல்லிய குட்டை இறக்கைகள். ஒலியைவிட வேகமாகப் பறக்க முடியுமா என்று பார்ப்பது ஒன்றுதான் அதற்கு வேலை. பாக்கியநாதன் என்ற விமானி பதினாறு முறை முயன்று, ஒவ்வொரு முறையும் இறக்கை உதறுகிற உதறலில் திரும்பிவந்தார். பதினேழாவது முறை இறங்கியதும், தாண்டிவிட்டேன் என்றார். சொன்னதை நிரூபிக்க அவர் கையில் ஒன்றும் இல்லை. வேகத்தைக் குறிக்கும் பதிவுப்பெட்டி அன்றைக்கு விமானத்திலேயே இல்லை. ஏன் இல்லை என்று கோப்பில் யாரும் எழுதவில்லை. தரையிலிருந்தவர்களுக்குப் பெருத்த வெடிச்சத்தம் கேட்டது வாஸ்தவம். ஆனால் அந்த வட்டாரத்தில் வானத்தில் வெடி கேட்டால் யாரும் வானத்தைப் பார்ப்பதில்லை. எந்தப் பட்டாசு ஆலையோ என்று வயிற்றில் அடித்துக்கொண்டு ஓடுவார்கள். அன்றும் ஓடினார்கள். பெட்டியை வேண்டுமென்றே கழற்றிவைத்துவிட்டுப் புளுகுகிறார்கள் என்று மேலிடம் முடிவு செய்தது. குழு கலைந்தது.

கூடத்து வாசலில் இருந்த பலகை, 'ஒலியின் வேகத்தைத் தாண்டியதாகக் கூறப்படுகிறது' என்று சொல்லியது. இருபத்திரண்டு ஆண்டுகளாகக் காப்பாளராக இருக்கும் ஆவுடையப்பனுக்கு அந்தக் 'கூறப்படுகிறது' தொண்டையில் சிக்கிய மீன்முள். பள்ளிக்கூடப் பிள்ளைகள் வரும்போது அந்தச் சொல்லின் மேல் முதுகைச் சாய்த்து மறைத்துக்கொண்டுதான் பேசுவார்.

வாசகர் நிறைமதி பத்து மணிக்கு வந்தார். முப்பது வயதிருக்கும், மதுரையிலுள்ள வாசிப்பு மையத்தில் வேலை. காதில் கம்மல் இல்லை, கையில் கடிகாரம் இல்லை. மரப்பெட்டியிலிருந்து உலோகச்செவியை எடுத்து ஈட்டியின் மூக்கில் உள்ளங்கை அகலத்துக்கு ஒட்டினார். அரைமணி நேரம் கழித்து, உலோகம் நன்றாக இருக்கிறது, 1958 வரைக்கும் போகலாம், தாண்டியிருந்தால் அந்த அதிர்ச்சியலை அழுத்தமாகவே பதிந்திருக்கும் என்றார். ஆவுடையப்பனுக்குப் பாதி உயிர் வந்தது. மீதி உயிரை அவர் நீட்டிய படிவம் வாங்கிக்கொண்டது.

வேண்டியதை மட்டும் வெட்டியெடுத்துக் காட்டி ஆளையாள் கவிழ்த்த கதைகள் மலிந்துபோனதால், இப்போது அரைகுறை வாசிப்பு செல்லாது. சான்று வேண்டுமென்றால் முழுவதையும் வாசித்து, முழுவதையும் அச்சிட்டு, ஊர் நூலகத்தில் எல்லோரும் பார்க்க வைக்க வேண்டும்.

"இதுக்குப் பக்கத்துல நின்னு நீங்க ஏதாவது பேசியிருந்தா அதுவும் வரும் சார்," என்றார் நிறைமதி. "பாதிப் பேர் இந்த இடத்துலதான் படிவத்தைத் திருப்பிக் கொடுப்பாங்க. தப்பா நினைக்க மாட்டேன்."

ஏதாவது பேசியிருந்தாலா? இருபத்திரண்டு ஆண்டுகளாக, காலை எட்டு மணிக்குத் துணியும் கையுமாக ஈட்டியைத் துடைத்தபடி, ஆவுடையப்பன் பேசாத பேச்சில்லை. உலோகச்செவி வந்த புதிதில் ஒரு மாதம் வாயை மூடிப் பார்த்தார். வயிறு உப்பிக்கொண்டதுபோல இருந்தது. இந்தக் கிழட்டு விமானத்தை யார் வாசிக்கப் போகிறார்கள் என்று மறுபடி ஆரம்பித்துவிட்டார். இயக்குநரைத் திட்டியது, மச்சினனைத் திட்டியது, கவுன்சிலரின் நடையை நடித்துக் காட்டியது எல்லாம் போகட்டும். மானம் போனால் ஒரு வாரத்தில் திரும்பி வரும். அவர் கலங்கியது வேறொன்றுக்காக. மாலைவரைக்கும் அவகாசம் கேட்டுக்கொண்டு, சைக்கிளை மிதித்து வீட்டுக்குப் போனார்.

அவர் மனைவி செண்பகவல்லி ஊரில் பேரெடுத்த தையல்காரி. ரவிக்கை தைத்துக்கொண்டிருந்தவளிடம், கொஞ்சம் காட்டுப்பக்கம் வா என்றார். அந்தக் காலத்தில் ஒரு புருஷன் பட்டப்பகலில் அப்படிக் கூப்பிட்டால் ஒன்று நோய், இல்லையென்றால் சாவு. அவள் ஒன்றும் கேட்காமல் வளையலைக் கழற்றி மேசைமேல் வைத்துவிட்டுக் கூட வந்தாள். பருத்திச் செடிகளுக்கு நடுவே நூறடி போய் நின்றார்கள்.

"சென்னைக்கு மாத்தல் வரவே இல்லைன்னு சொன்னேன்லா," என்றார். "வந்துச்சு. ரெண்டு தடவ. நாந்தான் வேண்டாம்னு எழுதிக் கொடுத்துட்டேன்."

செண்பகவல்லி அவரையே பார்த்தாள். அவளுடைய அக்கா அப்போது சென்னையில் இருந்தாள். மாம்பலத்தில் இரண்டு பேரும் சேர்ந்து தையல்கடை போட இடம்கூடப் பார்த்து வைத்திருந்தாள். ஒவ்வொரு கடிதத்திலும் 'மாத்தல் வந்ததா?' என்றுதான் முதல் வரி இருக்கும். கேட்டுக் கேட்டு ஓய்ந்து, பதினைந்து வருஷத்துக்கு முன்னால் போய்ச் சேர்ந்துவிட்டாள்.

"அக்கா இருக்கும்போதா?"

"ரெண்டும் அக்கா இருக்கும்போதுதான்."

"அந்த விமானத்துக்காகவா?"

அவர் தலையாட்டினார். நான் போனால் வேறொருவன் வருவான், அவன் துடைப்பானா மாட்டானா தெரியாது, மழையில் ஒழுகவிடுவான் என்றெல்லாம் நினைத்ததைச் சொன்னார். சொல்லும்போதே அது எவ்வளவு சின்னதாக இருக்கிறது என்று அவருக்கே பட்டது. அவள் குனிந்து வெடித்த காய் ஒன்றைப் பறித்து, விதை விதையாகப் பிரித்தாள். கண் நிறைந்திருந்தது, வழியவில்லை.

"இத்தனையும் அதுகிட்டச் சொல்லியிருக்கீக. எங்கிட்டச் சொல்லத் தோணலையாக்கும்?"

"அது பதில் சொல்லாது செம்பகம். நீ சொல்லுவியே."

ஆவுடையப்பன் திட்டுக்குக் காத்திருந்தார். திட்டினால் தேவலை என்றிருந்தது. அவள் கையிலிருந்த பஞ்சை ஊதிவிட்டு, "போயிக் கையெழுத்துப் போட்டுட்டு வாங்க," என்றாள். "அதையும் உருக்கிட்டாகன்னா, நா இந்த ஊர்ல கெடந்ததுக்கு மிச்சம் என்ன இருக்கு?"

வாசிப்பு மூன்று நாள் நடந்தது. மூன்றாம் நாள் பிற்பகல் நிறைமதி கூப்பிட்டு, ஆவுடையப்பனின் காதில் இழைநாரால் செய்த ஒலிக்குழாயை வைத்தார்.

முதலில் மணிச்சத்தம் கேட்டது. யாரோ சூடம் காட்டுகிறார்கள். பிறகு பாக்கியநாதனின் குரல், பெட்டியைக் கொண்டுவந்து மாட்டச் சொல்லிக் கேட்டது. தலைமைப் பொருத்துநரின் குரல் பணிவாக, ஆனால் அசையாமல் பதில் சொன்னது. அன்றைக்கு ஆயுத பூஜை. இருந்த கருவிகளிலேயே விலையுயர்ந்தது பதிவுப்பெட்டிதான் என்பதால், அதற்குத்தான் முதலில் சந்தனம் குங்குமம் வைத்துச் சாமி படத்துக்கு முன்னால் நடுநாயகமாக வைத்திருக்கிறார்கள். பூஜையில் வைத்த கருவியை மறுநாள் காலைவரைக்கும் யாரும் தொட மாட்டார்கள். ஒன்பது நாள் மழைமூட்டத்துக்குப் பிறகு அன்றுதான் வானம் வெளுத்திருந்தது. பறக்கும் அனுமதியோ அன்று மாலையோடு முடிகிறது. அப்படியானால் விமானத்தை மட்டும் எப்படித் தொடலாம் என்று பாக்கியநாதன் கேட்டார். அது வண்டி சார், என்றார் பொருத்துநர். பூஜை போட்ட வண்டியை எலுமிச்சம்பழத்தின் மேல் ஏற்றி ஓட்டித்தான் ஆக வேண்டும்.

அப்புறம் எஞ்சின் உறுமல். சக்கரத்தடியில் எலுமிச்சம்பழங்கள் நசுங்கிய சத்தம்கூடத் தனியாகக் கேட்டதாக ஆவுடையப்பன் பிற்பாடு எல்லோரிடமும் சொன்னார். நிறைமதி அதை ஒத்துக்கொள்ளவில்லை.

மேலேறி, மூக்கைத் தாழ்த்திப் பாய்கிறது விமானம். முன்னால் போகிற காற்று விலக நேரமில்லாமல் குவிந்து சுவராகிறது. உலோகம் முழுக்க நடுக்கம், பல் கிட்டித்துக்கொள்கிற நடுக்கம். அப்புறம் சட்டென்று ஒன்றுமே இல்லை. ஓசையெல்லாம் பின்தங்கிப்போன இடத்தில் ஈட்டி வழுக்கிக்கொண்டு போனது. உலோகச்செவியின் திரையில் கோடு ஒன்று செங்குத்தாக எழுந்து நின்றது. பதினான்கு விநாடி. அந்தப் பதினான்கு விநாடிக்குள் பாக்கியநாதன் ஒரே ஒரு வார்த்தை பேசியிருந்தார்.

"அவ்வளவுதானா?"

ஆவுடையப்பன் அழுதார். வெட்கப்படாமல், துடைக்கிற துணியிலேயே மூக்கைச் சிந்திக்கொண்டு அழுதார். தாண்டியிருக்கிறது. தன் ஈட்டி புளுகவில்லை. மறுநாள் பலகையிலிருந்த 'கூறப்படுகிறது'வை உளியால் தானே செதுக்கி எடுத்து, 'தாண்டியது' என்று திருத்தினார். பத்தாம் தேதி லாரி வரவில்லை.

முழு வாசிப்பு ஒன்பது தொகுதிகளாக நூலகத்துக்கு வந்தது. முதல் தொகுதியில்தான் ஒலியைத் தாண்டிய சமாச்சாரம். அதை நான்கு பேர் படித்தார்கள். மற்ற எட்டுக்கும் அடிதடி. ஊரில் ஒவ்வொருவரும் தன் பெயர் எங்கே வருகிறது என்று தேடினார்கள். வந்தால் கோபித்துக்கொண்டார்கள், வராவிட்டால் அதைவிடக் கோபித்துக்கொண்டார்கள். இந்தத் தகர டப்பாவைப் பார்க்கவா அறுபது பிள்ளைகளை வெயிலில் இழுத்துவந்தேன் என்று முணுமுணுத்த தலைமையாசிரியர் ஒரு வாரம் விடுப்பில் போனார். கவுன்சிலர் தன் நடையை மாற்றிக்கொள்ள முயன்று, பார்க்கச் சகிக்காமல், பழையபடியே நடந்தார்.

செண்பகவல்லி நான்காம் தொகுதியிலிருந்து ஒன்பது வரைக்கும் வீட்டுக்கு எடுத்துவந்து, தைக்கிற வேலைக்கு நடுவே வரிவிடாமல் படித்தாள். அந்த நாட்களில் வீட்டில் பேச்சு குறைவு. ஆவுடையப்பன் பூனைபோல நடமாடினார். பதினோராம் நாள் கடைசித் தொகுதியை மூடிவிட்டு, "எங் கொழம்புல புளி தூக்கலா இருக்குன்னு ஏழு தடவ சொல்லியிருக்கீக," என்றாள். மறுநாள் குழம்பில் புளியே இல்லை. அதற்கு மறுநாள் அளவாக இருந்தது. கோபம் இறங்கிவிட்டது என்று அவர் தெரிந்துகொண்டார், மனசு குளிர்ந்துபோனது.

சான்று வந்தபோது கூடவே ஒரு முத்திரையும் வந்தது. ஒருமுறை முழுதாக வாசித்த உலோகத்தை மறுபடி மறுபடி வாசித்தால் நுண்மணிகள் தேய்ந்துபோகும். எனவே வரலாற்று உலோகத்தை ஒரு வாசிப்புக்குப் பிறகு நூறு ஆண்டுகளுக்கு யாரும் வாசிக்கக் கூடாது. நீதிமன்றம் கேட்டாலும் முடியாது. நிறைமதி ஈட்டியின் மூக்கில் சிவப்பு அரக்கு முத்திரையை ஒட்டிவிட்டு, மோர் குடித்துவிட்டு மதுரைக்குப் போனார்.

முதலில் வந்தது ஒரு பேருந்து ஓட்டுநர். முத்திரையை இரண்டு முறை படித்தார். நூறு வருஷத்துக்கு யாருமே இதைக் கேட்க முடியாதா என்று ஆவுடையப்பனிடம் உறுதிப்படுத்திக்கொண்டார். கொஞ்சம் வெளியே இருக்க முடியுமா அண்ணாச்சி என்று கேட்டுவிட்டு, கதவைச் சாத்திக்கொண்டார். கால்மணி நேரம் கழித்து முகம் வீங்கி, ஆனால் முதுகு நிமிர்ந்து வெளியே வந்தார். அடுத்த வாரமும் வருவதாகச் சொல்லிப் போனார்.

அதற்கப்புறம் சொல்ல வேண்டியதில்லை. பன்னிரண்டு ஆண்டுகளாக வாயைக் கட்டிக்கொண்டிருந்த ஜனம். வீட்டில் கரண்டி கேட்கும், தெருவில் கம்பம் கேட்கும், காட்டுக்குப் போனால் பேச ஒரு துணையாள் வேண்டும். யாரும் கேட்க முடியாத காது ஒன்று கரிசல்மேட்டில் இருக்கிறது என்று தெரிந்ததும் தூத்துக்குடியிலிருந்து வந்தார்கள், திருச்சியிலிருந்து வந்தார்கள். உலோகச்செவியைச் செய்த நிறுவனத்தின் மேலாளரே ஒருநாள் தொப்பியை இறக்கிவிட்டுக்கொண்டு வந்து வரிசையில் நின்றார். ஆளுக்குக் கால்மணி நேரம் என்று ஆவுடையப்பன் சீட்டு கொடுத்தார். ஒருவரும் பலகையைப் படிக்கவில்லை. ஒலியின் வேகம் எவ்வளவு என்று ஒரு குழந்தைகூடக் கேட்கவில்லை. அவருக்கு அதில் சின்ன மனத்தாங்கல்தான். ஆனால் உள்ளே போகிறவர்களின் முகமும் வெளியே வருகிறவர்களின் முகமும் வேறுவேறாக இருப்பதைப் பார்க்கப் பார்க்க, அது கரைந்தது.

ஒரே கஷ்டம், அவர் பேச நேரமில்லை. காலை ஆறு மணியிலிருந்தே வரிசை நீண்டுவிடுகிறது. விதியை அவரே எழுதிவிட்டு அவரே மீறினால் நன்றாக இருக்குமா? தனக்கும் ஒரு சீட்டு கிழித்துக்கொண்டு, ஒரு சனிக்கிழமை காலையில் வேப்பமரத்தடியில் வரிசையில் நின்றார். அப்போதுதான் பார்த்தார். அவருக்கு முன்னால் நின்றிருந்தது செண்பகவல்லி. யாரையோ விட்டு வாங்கிய சீட்டை வளையல் இல்லாத கையில் வைத்திருந்தாள்.

"நீ எங்க இங்க?"

"ஏன், எனக்குப் பேச ஒண்ணும் இருக்காதாக்கும்?"

அவள் முறை வந்தது. உள்ளே போய்க் கதவைச் சாத்தினாள். ஆவுடையப்பன் விதிப்படி ஐம்பதடி தள்ளி நின்றார். கால்மணி நேரம் ஆயிற்று. அரைமணி நேரமாயிற்று. பின்னாலிருந்தவர்கள் முனகினார்கள், காப்பாளர் அவர்கள் பக்கம் திரும்பவேயில்லை. ஒருமுறை அவள் குரல் உயர்ந்ததுபோல இருந்தது. அப்புறம் சிரித்தாள். கல்யாணமான புதிதில் சிரித்த அதே சிரிப்பு. இத்தனை வருஷம் அது எங்கே இருந்தது என்று அவருக்குத் தெரியவில்லை.

வெளியே வந்தாள். தலைமுடியைக் கோதி, சேலைத் தலைப்பை இழுத்துச் செருகிக்கொண்டாள். முகம் தெளிந்து, பத்து வயது குறைந்ததுபோல இருந்தது.

"என்ன சொன்னே?" என்று கேட்டார்.

"நூறு வருஷம் பொறுங்க. அச்சுல வரும், படிச்சுக்கிடலாம்," என்றாள். செருப்பை மாட்டிக்கொண்டு, தைக்க வேலை கிடக்கிறது என்று நடையைக் கட்டினாள்.

ஆவுடையப்பனுக்கு அப்போது வயது ஐம்பத்திரண்டு. அடுத்தது நீங்கதான் அண்ணாச்சி என்று யாரோ முதுகைத் தொட்டார்கள். உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டார். சொல்லலாம் என்று மூன்று வாரமாகச் சேர்த்துவைத்திருந்தது ஒன்றும் நினைவுக்கு வரவில்லை. ஈட்டியின் மூக்கில் கை வைத்துக்கொண்டு, "அவ என்ன சொன்னா?" என்று மெல்லக் கேட்டார். இருபத்திரண்டு ஆண்டுகளில் முதல்முறையாக, அது பதில் சொன்னால் தேவலை என்றிருந்தது.